பொங்கச் சோறும் அத்தையின் பசுவும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தையின் பசு படுத்த இடத்தை விட்டு எழவில்லை. வயிறு உப்பியிருந்தது, அசை போடவில்லை, புளித்த வாடையோடு கழிச்சல். "யாரோ கண்ணு வெச்சுட்டாங்கடா தம்பி" என்று அத்தை அழுதார். மாட்டு டாக்டர் வந்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: "நேத்து எவ்வளவு சோறு தின்னுச்சு?"

எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? தெருவே ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து ஊட்டியது. நானும்தான்.

மாட்டின் வயிறு நம் வயிறு மாதிரி இல்லை. அதன் முதல் அறையான பெருவயிறு ஒரு பெரிய ஊறல்தொட்டி. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. மாடு அசை போடப் போட எச்சில் சுரக்கும். ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் சுரக்கும் அந்த எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. வயிற்றின் அமிலத்தை அதுதான் சமாளிக்கிறது.

சோறு உள்ளே போனால் கதை மாறுகிறது. வெந்த மாவுச்சத்து சீக்கிரம் நொதித்துவிடும். அசை போட அதில் நார் இல்லை, எச்சிலும் குறைகிறது. வழக்கமாக 6 முதல் 7 வரை இருக்கும் பி.எச். அளவு 5க்கும் கீழே போகலாம். நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போய், லாக்டிக் அமிலம் சுரப்பவை மட்டும் பெருகுகின்றன. அந்த அமிலம் ரத்தத்தில் இருக்கும் நீரை வயிற்றுக்குள் இழுத்துவிடும். வயிறு நிறையத் தண்ணீர் இருந்தும் மாடு வறண்டு சாகும். தப்பித்த மாட்டுக்கும் பிறகு குளம்பு வலி வரலாம், ஈரலில் சீழ் பிடிக்கலாம்.

2024 ஜூனில் கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டா அதிகமாகத் தின்ற ஐந்து பசுக்கள் இறந்தன. நம்மாட்கள் உடனே பரோட்டா ஜோக் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைதாவுக்குப் பதில் அது சர்க்கரைப் பொங்கலாக இருந்திருந்தாலும் முடிவு இதேதான்!

"எங்க தாத்தா காலத்துல கழுநீரும் கஞ்சியும் குடிச்ச மாடுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கழுநீரில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் குடித்த மாடு நாள் முழுக்க மேய்ந்துவிட்டும் வந்தது. இங்கே சிக்கல் சோறு மட்டுமல்ல, அளவும் திடீரென்று போடுவதும்தான். அமெரிக்காவில் கறிக்காகத் தானியம் போட்டு மாடு கொழுக்க வைக்கும் பெரிய பண்ணைகளில்கூட இரண்டு மூன்று வாரம் படிப்படியாகப் பழக்கித்தான் முழுத் தானியத்துக்குக் கொண்டுபோகிறார்கள். லாபத்துக்கு வளர்க்கிறவனுக்கு இருக்கும் நிதானம், கும்பிட்டு வளர்க்கிற நமக்கு இல்லை.

கல்யாண மண்டபத்து மிச்சமும் இப்படித்தான். குப்பையில் கொட்ட மனசு வராமல் அண்டாவோடு மாட்டிடம் கொண்டுபோய்க் கவிழ்க்கிறோம். நம் குற்ற உணர்ச்சி தீர்ந்துவிடுகிறது; ஊசி மருந்துச் செலவு மாட்டுக்காரர் தலையில். உயிருக்கு ஆபத்து வராவிட்டாலும், நார் குறைந்து மாவுச்சத்து கூடினால் பாலில் கொழுப்பு இறங்கும். கொழுப்பு பார்த்துத்தானே சொசைட்டியில் காசு? தெருக்காரர்கள் சட்டியோடு வந்தால் மாட்டுக்காரர்கள் வாசலிலேயே தடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. புண்ணியம் வேண்டுமென்றால் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக் கொடுக்கட்டும்.

அத்தையின் பசு டிரிப் ஏற்றி, சோடா உப்பு கரைத்து ஊற்றி, நாலாம் நாள் எழுந்து நின்றது. ஆனால் பால் பாதியாகிவிட்டது. "அடுத்த பொங்கலுக்கு எவன் சட்டியைத் தூக்கிட்டு வர்றான்னு பாக்குறேன்" என்று போனில் சொன்னார். அந்தச் சட்டிகளில் ஒன்று என்னுடையது என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.