புழுக்கத்தில் நெடுந்தூர ஓட்டம்

திருப்புறம் போன்று கடலோரத்தை அடுத்த கிராமங்களில், வெப்பமானியை மட்டும் நோக்கி ஓட்டப் பயிற்சிக்கு நேரம் குறித்தல் போதாது. இங்கே வெயிலினும் பெரும் பகை காற்றிலுள்ள ஈரமே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலினின்று நீங்கும். ஈரக்காற்றிலோ வியர்வை ஆவியாகாது சொட்டி வீணாகிறது. 2019-ஆம் ஆண்டு டோஹாவில் நள்ளிரவில் தொடங்கிய மகளிர் மாரத்தானில், 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. சூரியனே இல்லாத நேரம் அது!

வெப்பத்திற்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களில் குருதிநீர் பெருகும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதில் உப்புக் குறையும், நாடித்துடிப்புத் தணியும். ஆகவே, போட்டிக்கு முந்திய சில நாட்களில் மட்டும் மாணவரைக் கடுமையாக ஓடவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. தண்ணீரை மறுத்தால் உடல் உரம் பெறும் என்னும் நம்பிக்கையோ அதனினும் கொடிது. எனினும் அளவின்றிக் குடித்தலும் தீங்கே. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் குருதி சோதிக்கப்பெற்ற 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்திற்கேற்பக் குடிக்கச் செய்க.

ஓடும் மாணவன் தடுமாறிப் பிதற்றினால், அது வெப்பத் தாக்கின் குறி. வண்டிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அது வருமுன்னரே அவனைக் கழுத்தளவு குளிர்ந்த நீர்த்தொட்டியில் பிடித்து அமர்த்துக. தொட்டி இல்லையேல், இடைவிடாது நீர் ஊற்றி விசிறுக. முதல் அரைமணி நேரமே உயிரைக் காக்கும் நேரம். நீர் நிறைத்த தொட்டி ஒன்றும் நான்கு வாளிகளும் இல்லாத மைதானத்தில் நெடுந்தூர ஓட்டம் நடத்த அனுமதி அளித்தலாகாது என்பது எமது கருத்து.