காலேஜை பாதியில் விட்டால் கட்டிய பணம் கிடைக்குமா? லெட்டர் கொடுக்காவிட்டால் நஷ்டம். குட்டி போடும் கல்விக் கடன்!

சென்னை: நகையை அடகு வைத்து, பேங்கில் கடன் வாங்கி காலேஜில் சேர்த்த பிள்ளை பாதியில் ‘படிப்பு வேணாம்’ என்று வீட்டுக்கு வந்துவிட்டால், பெற்றோருக்கு முதலில் தோன்றுவது மானப் பிரச்னை. அடுத்து வருவது பணப் பிரச்னை. கட்டிய பீஸ் திரும்புமா? பேங்க் கடனை யார் கட்டுவது? சர்க்கார் கொடுத்த உதவித்தொகையை திருப்பிக் கேட்பார்களா?

இதற்கெல்லாம் விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது என்பதில்தான் சிக்கல்.

30 நாளில் கதவு மூடும்

கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் யு.ஜி.சி. 2018ம் ஆண்டு அக்டோபரில் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தது. மாணவர் சேர்க்கைக்கு அறிவித்த கடைசி தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழு பீசும் திரும்ப வேண்டும். அதில் 5 சதவீதம், அதுவும் 5 ஆயிரம் ரூபாய்க்கு மிகாமல்தான் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம் கிடைக்கும்.

கடைசி தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம். 16வது நாள் முதல் 30 நாள் வரை என்றால் 50 சதவீதம். 30 நாள் தாண்டினால் பைசா கிடையாது. டெபாசிட் தொகையை மட்டும் எப்போது விலகினாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த 15 நாளில் பணம் வந்து சேர வேண்டும்.

2024-25ம் கல்வி ஆண்டுக்குத் தனிச் சலுகை இருந்தது. செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழு பீஸ், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்தம் போக மீதி என்று யு.ஜி.சி. அறிவித்தது.

இன்ஜினியரிங் காலேஜ் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. விதி. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ஆயிரம் ரூபாய் மட்டும் பிடிக்கலாம். தொடங்கிய பிறகு விலகி, அந்த சீட்டில் கடைசி தேதிக்குள் வேறு மாணவர் சேர்ந்தால், படித்த மாதங்களுக்கு ஏற்ற பீசையும் ஹாஸ்டல் வாடகையையும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். சீட் காலியாகவே கிடந்தால் டெபாசிட்டும் சர்டிபிகேட்டும்தான் திரும்பும்.

யாருக்கு லாபம்?

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கடைசி தேதியை ஒட்டி காலேஜை விடுகிறவர் யார்? பெரும்பாலும் இதைவிட நல்ல காலேஜில் சீட் கிடைத்து மாறுகிறவர். அவருக்கு விதி கை கொடுக்கிறது.

கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை படிப்பை விடும் நேரம் வேறு. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்து நாலைந்து அரியர் விழும்போது, அப்பா கீழே விழுந்து கால் முறிந்து வருமானம் நிற்கும்போது, இரண்டாம் தவணை பீஸ் கட்ட வழியில்லாதபோதுதான் அந்தப் பிள்ளை வீட்டில் உட்காரும். அதற்குள் 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். இடம் மாறுகிறவருக்குப் பணம் திரும்புகிறது. இடறி விழுகிறவருக்குத் திரும்புவதில்லை.

கடன் கதை

பேங்க் கடன் இன்னொரு தலைவலி. ‘4 லட்சம் கடன் ஆச்சே, மொத்தத்தையும் கட்டணுமா?’ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்த பயம் தேவையில்லை. சாங்ஷன் ஆனது 4 லட்சமாக இருந்தாலும், பேங்க் இதுவரை காலேஜுக்கு அனுப்பிய பணம்தான் கடன். முதல் வருஷம் ஒரு லட்சம் போயிருந்தால், அந்த ஒரு லட்சமும் அதன் வட்டியும்தான் பாக்கி.

ஆனால் வட்டியில் ஒரு அடி விழுகிறது. ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருஷமும் கல்விக் கடன் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகை கிடையாது. உடல்நலக் குறைவால் விட்டவருக்கு மட்டும் விலக்கு. அதற்கும் மருத்துவ ஆவணங்களை காலேஜ் தலைமை ஏற்க வேண்டும்.

அதாவது, பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறவருக்கு அரசு வட்டி கட்டுகிறது. பட்டமும் இல்லாமல் நல்ல வேலையும் இல்லாமல் நிற்கிறவர் தானே வட்டி கட்ட வேண்டும். படிப்பை விடுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அரசின் நியாயமாக இருக்கலாம். ஆனால் அப்பா படுத்த படுக்கையானதால் படிப்பை விட்ட பிள்ளைக்கும், ஊர் சுற்றுவதற்காக விட்ட பிள்ளைக்கும் இந்தத் திட்டத்தில் வித்தியாசம் இல்லை.

பேங்குக்குச் சொல்லாமல் இருந்தால் நஷ்டம் இன்னும் கூடும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கு வருஷம் 10 ஆயிரம். மூன்று வருஷம் மூடி மறைத்தால் 30 ஆயிரம் குட்டி போட்டிருக்கும். தவணை தொடங்கி 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக்கடன் பட்டியலில் போய்விடும். கடன் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்து போட்டிருப்பார். நாளைக்கு அவர் ஆட்டோவுக்கோ வீட்டுக்கோ லோன் கேட்டுப் போனால் இது குறுக்கே நிற்கும்.

உதவித்தொகை என்னாகும்?

முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அரசு கட்டும் பீஸ் ஆகியவை காலேஜுக்குப் போகும் பணம். மாணவர் கையில் வருவதில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் படிக்கிறவர்களுக்கு மட்டுமே. படிப்பை விட்டால் வரவு நிற்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில்தான் எச்சரிக்கை தேவை. ஆண்டின் நடுவே படிப்பை விட்டால், மாநில அரசு விரும்பினால் தொகையைத் திருப்பிக் கேட்கலாம் என்று அந்தத் திட்டத்தின் 2010ம் ஆண்டு விதிகளிலேயே எழுதப்பட்டது. ‘கேட்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘கட்டாயம்’ என்று இல்லை. எனவே ஏன் விட்டார் என்பதை எழுத்தில் சொல்லி வைப்பது பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு.

சர்டிபிகேட் பிணை அல்ல

‘மீதி மூணு வருஷ பீசையும் கட்டு, அப்பத்தான் சர்டிபிகேட்’ என்று சில காலேஜ்களில் மிரட்டுவது நடக்கிறது. இது சட்டப்படி செல்லாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யும், அடுத்த ஆண்டுகளின் பீசைக் கேட்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லிவிட்டன. சர்டிபிகேட் விற்பனைச் சரக்கு அல்ல, பணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை ஐகோர்ட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. டி.சி.யும் மார்க் ஷீட்டும் கைக்கு வராததால் அடுத்த வருஷம் வேறு காலேஜில் சேர முடியாமல் போவதுதான் பணத்தைவிடப் பெரிய இழப்பு.

என்ன செய்ய வேண்டும்?

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. காலேஜ் கணக்கில் அந்த மாணவர் இன்னும் படித்துக்கொண்டே இருப்பார். நாள் கணக்கு எல்லாம் லெட்டர் கொடுத்த தேதியிலிருந்துதான். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்.

அடுத்து பேங்க் மேனேஜர். அடுத்த தவணையை காலேஜுக்கு அனுப்ப வேண்டாம் என்றும், காலேஜிலிருந்து திரும்பும் பணத்தைக் கடனில் வரவு வைக்கவும் எழுதிக் கொடுக்க வேண்டும். சிறு தவணையாகக் கட்ட வழி கேட்கலாம். கல்விக் கடனை 15 வருஷம் வரை கட்ட மாதிரித் திட்டத்தில் இடம் உண்டு.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் போட்டு நச்சரிக்கக் கூடாது என்பது 2022ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. புகார் கொடுத்து 30 நாளில் பேங்க் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

பிள்ளை படிப்பை விட்டதை அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. காலேஜுக்கும் பேங்குக்கும் மறைத்தால்தான், மாசாமாசம் வட்டி ஏறும்.