பரிந்துரைப் படிவத்தில் இல்லாத கேள்விகள்

சுற்றுச்சூழல் சட்டத் துறையில் சிறந்து விளங்குவோருக்கு வழக்கறிஞர் அமைப்புகளும் அறக்கட்டளைகளும் பன்னாட்டு நிறுவனங்களும் விருதுகள் வழங்கி வருகின்றன. அவற்றுக்கான பரிந்துரைப் படிவங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பெயர், தகுதி, நடத்திய வழக்குகள், பெற்ற தீர்ப்புகள், வெளியிட்ட கட்டுரைகள் ஆகியவற்றை அவை கேட்கின்றன. தொழிற்சங்கத்துக்கோ, குடிசைவாழ் மக்களின் அமைப்புக்கோ, கட்சிக் கிளைக்கோ இதில் வேலையில்லை என்று கருதும் தோழர்கள் பலர். ஆனால் ஒரு விருது தனிமனிதரைப் பாராட்டுவதோடு நிற்பதில்லை. எந்த வழக்கு முன்மாதிரி, எந்தத் தீர்ப்பு பின்பற்றத்தக்கது என்பதை அடுத்த தலைமுறை வழக்கறிஞர்களுக்கு அது சொல்லிக் கொடுக்கிறது. அந்தப் பாடத்தை எழுதும் உரிமையை மேட்டுக்குடியினரிடம் மட்டும் விட்டுவிடலாமா என்பதே கேள்வி.

ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு பார்வை

பெங்களூரு ரயில் நிலையத்தை அடுத்து, ஸ்ரீராமபுரத்தை ஒட்டி இருக்கிறது ஒக்கலிபுரம். தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. பின்னி மில், மினர்வா மில் ஆகிய ஆலைகள் இப்பகுதியிலிருந்து தொலைவில் இல்லை. மினர்வா மில்லின் பெயர் இந்தியாவின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் ஒலிக்கிறது. ஆலை அரசுடைமையானதை எதிர்த்து முதலாளிகள் தொடுத்த வழக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு குறித்து 1980இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அதற்குக் காரணம். அந்த ஆலையில் நூல் நூற்றவர்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. சட்ட வரலாறு எழுதப்படும் முறையே இதுதான். சுற்றுச்சூழல் சட்டமும் இதற்கு விலக்கல்ல.

பெங்களூருவைச் சேர்ந்த பொறியாளர் அல்மித்ரா படேல், நகரக் குப்பை மேலாண்மை குறித்து 1996இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000ஆம் ஆண்டில் வருவதற்கு அவ்வழக்கு வழிவகுத்தது. அது மறுக்க முடியாத பங்களிப்பு. ஆனால் அதே வழக்கில், தில்லி நகரின் தூய்மை பற்றிய 2000 பிப்ரவரி உத்தரவில், பொது நிலத்தில் குடிசை போட்டவருக்கு மாற்று இடம் தருவதைப் பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசளிப்பதோடு நீதிமன்றம் ஒப்பிட்டது. குப்பையை அகற்றக் கோரிய வழக்கு, குப்பையோடு சேர்த்து ஏழைகளையும் அகற்றும் வாதமாக மாறியது. பின்னர் தில்லியில் நடந்த குடிசை அகற்றல்களுக்கு அந்த உத்தரவு துணையாக எடுத்தாளப்பட்டது. ஸ்ரீராமபுரத்திலும் ஒக்கலிபுரத்திலும் நெருக்கடியான தெருக்களில் வாழும் குடும்பங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

எம்.சி.மேத்தாவின் பணியும் இரு பக்கங்களையும் காட்டுகிறது. தில்லி ஸ்ரீராம் ஆலையின் வாயுக்கசிவு வழக்கில் ஆபத்தான தொழில் நடத்துவோரின் முழுப்பொறுப்பு என்ற கோட்பாடு பிறந்தது. வேலூர் தோல் தொழிற்சாலைகள் குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு வலுப்பெற்றது. அந்த ஆண்டில் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அதே 1996 ஜூலையில், அவர் தொடுத்த மற்றொரு வழக்கில், தில்லியின் 168 ஆலைகளை நகருக்குள் இயங்கவிடாமல் மூட அல்லது இடம்பெயர்க்க உத்தரவு வந்தது. தொழிலாளர்களுக்கு ஊதியப் பாதுகாப்பும் இழப்பீடும் வழங்குமாறு நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் ஆலைப் பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் தொழிலாளிக்கு மறுப்பில்லை. அதன் விலையை அவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அவரது கேள்வி. எந்தப் பரிந்துரைப் படிவமும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சட்டத்தை உருவாக்கியவர்கள்

இன்னொரு மரபும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையின் நாற்றத்தில் வாழ்ந்த மக்கள் நகராட்சிக்கு எதிராக நீதிமன்றம் சென்றனர். நிதியில்லை என்று நகராட்சி கைவிரித்தது. 1980இல் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957இல் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் அங்கம் வகித்தவர். தீர்ப்பின் பெருமை அவருக்கு உரியது. வழக்கின் பெருமை ரத்லம் தெருவாசிகளுக்கு உரியது.

தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, நிலமற்ற தலித் மக்களோடு நின்று போராடியவர்கள் கிருஷ்ணம்மாளும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் கீழத்தஞ்சையில் நிலத்துக்காகப் பணியாற்றிய காந்தியர்கள் அவர்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. இருவருக்கும் 2008இல் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2005இல், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றி, கடலோர ஒழுங்குமுறைத் தடையிலிருந்து பண்ணைகளுக்கு நாடாளுமன்றம் விலக்களித்துவிட்டது. தீர்ப்பு வென்றது, மூலதனம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

கோலார் தங்கவயலில் தூய்மைப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன், 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற தீர்ப்பு 2014இல் வந்தது. அத்தொகை 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. சாக்கடை மரணங்கள் இன்னும் நிற்கவில்லை. மலக்குழியில் மனிதர் இறங்குவதை ஒழிப்பது சுற்றுச்சூழல் சட்டத்தின் மையப் பொருள் என்று விருதுக்குழுக்கள் எத்தனை ஏற்கும்?

விருதே வேண்டாமா?

இடதுசாரி இயக்கத்தில் விருதை மறுக்கும் பெருமைக்குரிய மரபு இருக்கிறது. 1992இல் பத்ம விபூஷணை இ.எம்.எஸ். ஏற்கவில்லை. 2022 ஜனவரியில் பத்ம பூஷணைப் புத்ததேவ் பட்டாச்சார்யா மறுத்தார். அதே ஆண்டில் கே.கே.சைலஜா மகசேசே விருதை ஏற்கவில்லை. கேரளத்தின் பொதுச் சுகாதாரச் சாதனை ஒரு கூட்டு முயற்சி என்பதும், மகசேசேயின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வரலாறும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் அடங்கும்.

அந்த மரபை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசியல் பொறுப்பில் உள்ள தோழர் ஒருவர் விருதை மறுப்பது வேறு. மக்கள் பக்கம் நிற்கும் ஒரு வழக்கறிஞரை மக்கள் அமைப்பு ஒன்று பரிந்துரைப்பது வேறு. சைலஜா எழுப்பிய கூட்டு முயற்சி என்ற வாதத்தைப் பரிந்துரைக் கடிதத்துக்குள்ளேயே கொண்டுசெல்ல முடியும். கோல்ட்மேன் விருதுக்குப் பரிந்துரைக்கும் வாய்ப்பு அவ்வமைப்பின் தேர்ந்தெடுத்த வட்டத்துக்கு மட்டுமே உண்டு. ரைட் லைவ்லிஹூட் விருதுக்கோ யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். தன்னைத் தானே பரிந்துரைக்க இயலாது. கதவு திறந்திருக்கும் இடங்களில் உழைக்கும் மக்களின் அமைப்புகள் வெளியே நிற்க வேண்டிய அவசியமில்லை.

விருது கேடயம் என்ற மயக்கமும் கூடாது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் காடழிப்புக்கும் எதிராக வாதாடிவரும் ரித்விக் தத்தாவின் 'லைஃப்' அமைப்பு 2021இல் ரைட் லைவ்லிஹூட் விருது பெற்றது. 2023 ஏப்ரலில், வெளிநாட்டு நிதியைக் கொண்டு நிலக்கரித் திட்டங்களை முடக்க முயன்றதாகக் குற்றம்சாட்டி, ஒன்றிய அரசின் சி.பி.ஐ. அவர்மீதும் அமைப்பின்மீதும் வழக்குப் பதிந்தது. விருதுப் பத்திரம் காக்காத இடத்தில் மக்கள் இயக்கமே காக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

பரிந்துரைக்க முன்வரும் சங்கமோ கிளையோ முதலில் கேட்க வேண்டியது, வழக்கு யாருடையது என்பதாகும். பாதிக்கப்பட்டவர்கள் வழக்கை நடத்தினார்களா, அல்லது அவர்கள் பெயரில் வேறு யாரோ நடத்தினார்களா?

இரண்டாவது, வெற்றியின் சுமை யார் தலையில் இறங்கியது? பெங்களூருவின் குப்பை மலையால் மாவள்ளிபுர மக்கள் நோயுற்றுப் போராடியதால் 2012இல் அங்கே கொட்டுவது நின்றது. லாரிகள் மண்டூருக்குத் திரும்பின. அங்கும் மக்கள் போராடிய பின்னரே 2014 இறுதியில் நின்றது. ஒரு கிராமத்தின் துன்பத்தை அடுத்த கிராமத்துக்கு மாற்றுவதை நீதி என்று எண்ணிக் கணக்கிட முடியாது.

மூன்றாவது, தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் காப்புப் பகுதி வேண்டும் என்று 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. கட்டுமான நிறுவனங்களும் மாநில அரசும் எதிர்த்தன. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு நாளில் கைதட்டுவோர் பலர். அதன் பின்னரும் ஏரிக்கரையில் நிற்பவரே பரிந்துரைக்கு உரியவர்.

நான்காவது, சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? வழக்கறிஞரின் பெயரோடு, வழக்கைத் தாங்கிய சங்கத்தின், ஊரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று கடிதத்திலேயே கோர வேண்டும். சங்கத்தின் தீர்மானத்தையும் மனுதாரர்களின் வாக்குமூலத்தையும் அவர்களுடைய மொழியிலேயே இணைக்க வேண்டும். விருது கிடைக்காவிட்டாலும் அது போராட்டத்தின் ஆவணமாக எஞ்சும்.

தகுதியான வழக்கு ஒன்று ஒக்கலிபுரத்தின் காலடியிலேயே காத்திருக்கிறது. பெங்களூருவின் மேற்குப் பகுதிக் கழிவுநீர் விருஷபாவதியில் கலக்கிறது. அது பைரமங்கலா ஏரியைக் கடந்து அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. காவிரி மேட்டூருக்கு வருகிறது. இம்மாசு குறித்துத் தமிழக அரசு 2015இல் உச்ச நீதிமன்றம் சென்றது. இரு அரசுகளின் மோதலாக மட்டும் அது நடக்கும்வரை இனவெறி அரசியலுக்கே தீனி. பெங்களூருவின் சாக்கடைத் தொழிலாளி, பைரமங்கலாவின் கன்னட விவசாயி, டெல்டாவின் தமிழ் விவசாயி ஆகிய மூவரையும் ஒரே மனுவில் மனுதாரர்களாக நிறுத்தும் வழக்கறிஞர் எவரோ, அவர் பெயரைத் தோழர்கள் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். அந்த மூவரின் பெயரையும் அவர் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும்.