வீட்டுக்காரர் இல்லாத வீடு

2007 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு. ஹோட்டல்களில் இடம் இல்லை. வாடகை கட்டத் திணறிக்கொண்டிருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள், தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து, காலை உணவும் தருவதாக இணையத்தில் அறிவித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். அப்படிப் பிறந்த வாடகைத் தளமான ஏர்பிஎன்பியின் பெயரில் உள்ள ‘ஏர்’ அந்த மெத்தைக்குள் இருந்த காற்றுதான்.

இன்று பார்சிலோனாவில் அந்தத் தளத்தின் செயலி வழியாக வீடு எடுப்பவர் பல நேரம் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. வாசல் கம்பியில் எண்பூட்டுப் பெட்டி ஒன்று தொங்குகிறது. கைபேசிக்கு வந்த எண்ணைத் திருப்பினால் உள்ளே சாவி. படுக்கை விரிப்புகள் சலவையகத்திலிருந்து மூட்டையாக வந்து இறங்குகின்றன. பெருக்கித் துடைப்பவர் ஒப்பந்த ஊழியர். இன்றைய இரவுக்கு என்ன வாடகை என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. சிரித்த முகப் படத்தோடு பதில் எழுதுவது, பல வீடுகளை நிர்வகிக்கும் ஒரு நிறுவனத்தின் அலுவலகமாக இருக்கலாம். இதற்கும் ‘பகிர்வுப் பொருளாதாரம்’ என்றே பெயர். பகிர்வதற்கு வீட்டுக்காரர் அங்கே குடியிருக்க வேண்டாமா?

பேராசை மட்டும் இதற்குக் காரணமல்ல. தளத்தின் விதிகளே அப்படி. சிறந்த வீட்டுக்காரருக்குத் தரும் ‘சூப்பர்ஹோஸ்ட்’ பட்டம் வேண்டுமானால் விருந்தினர் கேட்பவற்றில் 90 சதவீதத்துக்கு ஒரு நாளுக்குள் பதில் தர வேண்டும், முன்பதிவை ரத்து செய்வது 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மதிப்பீடு 4.8க்குக் குறையக் கூடாது. பகலில் வேலைக்குப் போய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விருந்தாளியை வேண்டாம் என்று சொல்லிவிடும் குடும்பம் இந்தப் பந்தயத்தில் எத்தனை நாள் ஓடும்? ஆள் வைத்து நடத்துபவரே நிலைப்பார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதைதான். கொஞ்சம் மென்பொருள் சேர்ந்திருக்கிறது.

அரசு என்ன செய்தது? சுற்றுலாக் குடியிருப்புகளுக்குப் புதிய உரிமம் தருவதை 2014இல் பார்சிலோனா நிறுத்தியது. எண்ணிக்கை உறைந்ததும், ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவருக்கு யோகம். 2021இல் வந்த தடை இன்னும் விசித்திரம்: குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையை 31 நாளுக்குக் குறைவாகப் பயணிகளுக்கு விடக் கூடாது! மெத்தை விரித்த இளைஞர்கள் செய்தது குற்றமாயிற்று. முழு வீட்டை வளைத்துப் போட்டவர் உரிமத்தோடு தொடர்ந்தார்.

பத்து ஆண்டுகளில் நகரின் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்று சொல்லி, 10,101 உரிமங்களும் 2028 நவம்பருக்குப் பிறகு இருக்காது என்று மேயர் ஜாவுமே கோல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அடுத்த மாதமே சுற்றுலாவை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்கள் உணவக மேசைகளில் இருந்த பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். நனைந்தவர்கள் பயணிகள், வாடகையை எண்ணியவர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை.

நியூயார்க் கேட்ட கேள்வி இதைவிடச் சரியானது: வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறாரா? 2023 செப்டம்பர் முதல் அங்கே 30 நாளுக்குக் குறைவாக வீடு விடுபவர் மாநகராட்சியில் பதிவு செய்து, விருந்தினரோடு தானும் தங்கியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் ஏற்கக் கூடாது. இதனால் மட்டும் வாடகை இறங்கிவிடாது. புதிய வீடுகள் கட்டினால்தான் இறங்கும். ஹோட்டல் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம் என்பதும் உண்மை. ஆனாலும் மிச்சமிருக்கும் அறையை விட்டு வாடகைப் பாரத்தைக் குறைத்துக்கொள்பவரையும், ஐம்பது வீடு வைத்து ஹோட்டல் நடத்துபவரையும் அந்தச் சட்டம் பிரித்துப் பார்க்கிறது.

பார்சிலோனாவும் பிரித்துப் பார்க்கலாம். 2028 நவம்பர் வரை காத்திருக்காமல், அறைகளுக்கான தடையை முதலில் நீக்கட்டும்.