கடல் தூண்டில் வாங்கப் போறீங்களா? ராடை விடுங்க, முதல்ல நரம்பைப் பாருங்க!

பொழுதுபோக்குச் செலவைப் பத்திப் பேசும்போதெல்லாம் "கடல்ல மீன் பிடிக்க செட் வாங்கணும், எவ்வளவு ஒதுக்கலாம்?"னு ஒரு கேள்வி வந்துடும். என் கருத்தை நேராவே சொல்லிடறேன். நிறைய பேர் பணத்தை ராடுல கொட்டிட்டு, நரம்புல மிச்சம் பிடிக்கிறாங்க. அது தலைகீழ் கணக்கு.

கடற்கரை ஊர்கள்ல கைத்தூண்டில் போடுறவங்களைக் கவனிச்சுப் பாருங்க. நரம்பு, முள், ஈயம், அவ்வளவுதான். ராடே கிடையாது. ஆனா பாறை மீனும் வரும், வஞ்சிரமும் வரும். மீனைக் கடைசி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கிறது நரம்புதான். ராடோட வேலை தூரமா வீசுறதும், மீன் இழுக்கிற அதிர்ச்சியைத் தாங்குறதும்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம். செயற்கை மீன் இரை ஒண்ணு 400 ரூபாய்னு வச்சுக்கோங்க. 150 ரூபாய் நரம்பு போட்டு, நாலு தடவை அறுந்தா 1,600 ரூபாய் கடலுக்குள்ள போயிடுச்சு. நல்ல நரம்பையே அந்தக் காசுல வாங்கியிருக்கலாம். வாயில முள்ளோட போற மீனோட கஷ்டம் வேற.

எந்த நரம்பு? ரெண்டே வகையை வச்சு யோசிச்சா போதும்.

ஒண்ணு, தங்கூஸ். விலை கம்மி, கல்லுல உரசினாலும் ஓரளவு தாங்கும், கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இரை கோத்துப் போட்டுட்டு உட்கார்ந்து காத்திருக்கிறவங்களுக்கு 20 பவுண்டு தங்கூஸ் நல்ல தொடக்கம். வெயில் பட்டா வலு குறையும், அதனால அப்பப்போ மாத்தணும்.

ரெண்டு, பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு. அதே வலுவுல ரொம்ப மெல்லிசா இருக்கும், தூரமாப் போகும், பல வருஷம் உழைக்கும். ஆனா கல்லு, சிப்பியில உரசினா சட்டுனு அறுந்துடும். அதனால நுனியில ஒரு மீட்டருக்குத் தடிமனான லீடர் கட்டியே ஆகணும். காசு மிச்சம் பண்ண ஒரு வழி: ரீலோட அடிப்பாகத்துல பழைய தங்கூஸைச் சுத்திட்டு, மேல மட்டும் பிரெய்டு சுத்துங்க. பிரெய்டு வழுக்காது, வாங்க வேண்டிய நீளமும் குறையும். முன்பக்கம் தேய்ஞ்சா கழட்டித் திருப்பிச் சுத்தலாம்.

நரம்பு முடிவாயிடுச்சா? இப்போ ராடு. ராடு மேலயே எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை கிராம் எடைன்னு அச்சடிச்சிருக்கும். உங்க நரம்பு அந்த எல்லைக்குள்ள இருக்கான்னு பாருங்க. அப்புறம் இடம். மணல் கரையில அலையைத் தாண்டி வீச 10 முதல் 12 அடி. கழிமுகம், தூண்டில் வளைவுக்கு 8, 9 அடி. படகுல 6, 7 அடி போதும். "பெருசா இருந்தா நல்லது"ங்கிற எண்ணத்துல 12 அடி வாங்கினா, படகுல அது வெறும் தொந்தரவு.

கிராஃபைட் லேசு, ஆனா எங்கயாவது இடிச்சா உடையும். பைக்குல கட்டி எடுத்துட்டுப் போற ஆரம்பக்காரங்களுக்கு ஃபைபர் கலந்த ரெண்டு துண்டு ராடு என் ஓட்டு. மடக்கி நீட்டுற மலிவு ராடு மணல் புகுந்தா மாட்டிக்கும், வேண்டாம். கடையிலயே வளையங்களுக்குள்ள கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்க. பஞ்சு சிக்கினா அதே இடத்துல உங்க நரம்பும் அறுபடும்.

மொத்த பட்ஜெட் 6,000 ரூபாய்னா நான் பிரிக்கிற விதம்: உப்பு முதல்ல அரிக்கிற ரீலுக்கு 2,500, ராடுக்கு 1,800, நரம்பு, லீடருக்கு 1,200, முள், ஈயத்துக்கு 500. மாசம் ரெண்டு தடவைன்னு ரெண்டு வருஷம் உழைச்சா 48 தடவை. ஒரு தடவைக்கு 125 ரூபாய். 2,000 ரூபாய் செட் ஆறு தடவையில துருப்பிடிச்சா, ஒரு தடவைக்கு 333 ரூபாய். எது மலிவு?

அந்த ரெண்டு வருஷத்தைத் தர்றது விலை மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவிக் காய வைங்க. வேகமா பீய்ச்சி அடிச்சா உப்பு ரீலுக்குள்ள போயிடும்.

கடைசியா ஒண்ணு. இது முதலீடு இல்ல, செலவு. "மீன் வாங்குற காசு மிச்சமாகும்"னு சொல்லி இஎம்ஐ-யில வாங்காதீங்க. மனசுக்குப் பிடிச்ச செலவுன்னு ஒத்துக்கிட்டு, கையில இருக்கிற காசுல வாங்குங்க. அப்போதான் மீனே மாட்டாத நாள்லயும் சந்தோஷமா வீடு திரும்ப முடியும்.