வாடகைக் கத்தரிக்கோல்

படமெடுக்கப் பயிலும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இன்று காமிரா பெருந்தடையல்ல. 2015இல் வந்த ‘டேஞ்சரின்’ படத்தை ஷான் பேக்கர் ஐபோனில்தானே எடுத்தார்! வம்பு படத்தொகுப்பில் இருக்கிறது.

பிரீமியர் புரோ மென்பொருளை முன்பு ஒருமுறை பணம் கட்டி வாங்கலாம். 2013இல் அடோபி நிறுவனம் புதிய பதிப்புகளை வாடகைக்கு மாற்றிற்று. வாடகை நின்றதும் கருவி பூட்டிக்கொள்ளும். பாதி வெட்டிய படத்தை வைத்துக்கொண்டு ஏழை மாணவன் என் செய்வான்?

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு தருகிறது. நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆயினும் அது முதலாளி தரும் சலுகை, நாளையே நிறுத்தலாம். கேடென்லைவ் அப்படியன்று. அதன் மூலநிரலை எவரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

அரசுக் கல்லூரிகள் இதை முதலில் பழக்கட்டும். வாடகைக் கருவியை, வேலை வாங்கும் முதலாளி தன் செலவில் வாங்கித் தரட்டும்!