பூத் கணக்கில் அகப்படும் ஊர்

2016 மே முதல் 2019 மே வரையிலான மூன்று ஆண்டுகளில் திருப்பரங்குன்றம் தொகுதி மக்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரை மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள். முதலில் வென்ற எஸ்.எம்.சீனிவேல் பதவியேற்கும் முன்பே காலமானார். அந்த நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் வென்ற ஏ.கே.போஸ் 2018 ஆகஸ்டில் மறைந்தார். அவருக்காகத் தரப்பட்ட கட்சிப் படிவங்களில், மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை வைக்கப்பட்டிருந்தது. அது தொடர்பான வழக்கில், போஸின் வெற்றியே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மே மாதம் மறுபடியும் இடைத்தேர்தல், திமுகவின் பா.சரவணன் 2,396 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதற்கு முந்தைய மாதம்தான் மக்களவைத் தேர்தல் நடந்திருந்தது.

இத்தனை முறை மை வைத்துக்கொண்ட மக்களின் கிராமங்களில், அதே காலத்தில் ஊராட்சித் தலைவர் என்று யாரும் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் நின்றால் முறையிடுவதற்கு இருந்தவர் தனி அலுவலர் மட்டும். வாக்குப்பதிவு சதவீதத்தை வைத்து மக்களின் ஆர்வத்தை அளக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி இந்தத் தொகுதியைச் சேர்ந்த ஊர். இப்படி ஓர் ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கட்சிக்காரரைக் கேட்டால், அவர் யூகித்துச் சொல்ல வேண்டியதில்லை. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்பதைப் படிவம் 20 பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறது. ஒரு பூத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர்கள்தான். எந்தத் தெருவின் ஓட்டு எந்தப் பெட்டியில் என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரியும். தனி மனிதரின் ஓட்டு ரகசியமாக இருக்கிறது. தெருவின் ஓட்டு அப்படி இல்லை.

கீழக்குயில்குடியைப் பொறுத்தவரை இது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. காரணம் அந்த ஊரின் வரலாறு. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்கள் மீது 1914இல் முதலில் பாய்ந்தது இங்கேதான். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் குற்றம் செய்தாரா என்று யாரும் பார்க்கவில்லை. எந்த ஊர், எந்தச் சாதி என்பதே போதுமானதாக இருந்தது. மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இவர்களுக்காக வாதாடினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947இல். ஐந்தே ஆண்டுகளில், 1952 பொதுத்தேர்தலில், பதிவேட்டில் ரேகை வைத்த அதே தலைமுறை வாக்களித்தது. ஊரை வைத்து ஆளை எடைபோட்ட கொடுமையை அனுபவித்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளை மறுபடியும் ஊரை வைத்தே ஒரு கட்சியின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமில்லை.

அந்தக் கணக்காவது நிலைக்கிறதா? திருப்பரங்குன்றம் 2011இல் தேமுதிகவையும், 2016இல் அதிமுகவையும், 2019 இடைத்தேர்தலில் திமுகவையும், 2021இல் மறுபடி அதிமுகவின் வி.வி.ராஜன் செல்லப்பாவையும் தேர்ந்தெடுத்தது. 'இந்தச் சாதி, ஆகவே இந்தச் சின்னம்' என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொல்பவர்கள் இந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பூத் கணக்கு வேறொன்றுக்குத்தான் நன்றாக உதவுகிறது. பணம் கொடுத்த தெரு ஓட்டுப் போட்டதா என்று சரிபார்க்க, போடாத தெருவின் சாலையைத் தள்ளிப்போட. பக்கத்துத் திருமங்கலத்தில் 2009 ஜனவரி இடைத்தேர்தலில் ஏறத்தாழ 89 சதவீத வாக்குகள் பதிவாயின. ஓட்டுக்குப் பணம் தரும் உத்திக்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயர் நாடெங்கும் பரவியதும் அந்தத் தேர்தலால்தான். 2024 மக்களவைத் தேர்தலில் மதுரைத் தொகுதியில் 62 சதவீதமே பதிவானபோது 'நகரத்தாருக்கு அக்கறையில்லை' என்றார்கள். 89ஐ எப்படிப் படிப்பது என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

வாக்குச்சீட்டு காலத்தில், மிரட்டலுக்கு வாய்ப்புள்ள இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்த மறைவு போயிற்று. பூத் வாரியாகத் தெரிந்தால்தான் முறைகேட்டைப் பிடிக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்தக் கவலையை ஒதுக்க முடியாது. ஆனால், சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்பது படிவம் 17சி வழியாக ஏஜென்டுகளுக்குக் கிடைக்கிறது. அது அப்படியே தொடரட்டும். வேட்பாளர் வாரியான எண்ணிக்கையை மட்டும் கலந்து சொன்னால் போதும். 14 இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்துக் கூட்டும் டோட்டலைசர் கருவிக்குத் தேர்தல் ஆணையமே 2008இல் அனுமதி கேட்டது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255வது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. தொகுதிக்குத் தொகுதி வாக்குறுதி தரும் தமிழகக் கட்சிகளில் ஒன்றாவது, இதைத் தன் தேர்தல் அறிக்கையில் எழுதி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.